ஸ்டாண்டுக்குப் பொதுவான நாலு டயர்

அந்த டாக்சி ஸ்டாண்டில் இருந்த அத்தனை வண்டிக்கும் சேர்த்து நல்ல டயர் நாலே நாலுதான். சிரிக்காதீர்கள், சத்தியமாக நாலுதான். சங்கத்தில் எல்லாரும் காசு போட்டு வாங்கி, ரிம்மோடு கோத்து, பஞ்சர் கடைப் பின்கட்டில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார்கள். யார் வண்டியை நகரசபை பாதுகாப்புச் சோதனைக்குக் கூப்பிடுகிறதோ, அவன் அன்றைக்கு அதை மாட்டிக்கொண்டு போவான். பாஸ் ஆகி, கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வந்ததும் கழற்றிக் கொடுத்துவிட்டு, மறுபடி தன் மொட்டை டயரிலேயே சவாரி அடிப்பான். எல்லாம் ஒரே மாடல் வண்டி, அதனால் எல்லாருக்கும் அளவு சரியாக இருந்தது. அந்த டயருக்கு ஸ்டாண்டில் கல்யாணச் சட்டை என்று பெயர்.

தப்புதான். யார் இல்லை என்றார்கள்? ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவை இருந்த சோதனையை இரண்டு தடவை ஆக்கி, டயர் கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் ஸ்டிக்கரைக் கிழி என்று தீர்மானம் போட்டார்களே கவுன்சிலர்கள், அவர்களில் ஒருத்தராவது கடைக்குப் போய் டயர் என்ன விலை என்று கேட்டிருப்பாரா? மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கையைத் தூக்கினார்கள், காப்பி குடித்தார்கள், வீட்டுக்குப் போனார்கள். பயணிகள் உயிர் முக்கியம் என்று தீர்மானத்தில் எழுதியிருந்தது. முக்கியம்தான். டிரைவரும் அதே வண்டியில்தானே உட்கார்ந்திருக்கிறான்?

கல்யாணச் சட்டை ஆள் மாற்றி ஆள் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் புதுத் தீர்மானத்தில் இன்னொரு கொக்கி இருந்தது. இனிமேல் லைசென்ஸ் நம்பர் வரிசையில்தான் கூப்பிடுவார்களாம். ஸ்டாண்டில் ரிவர்ஸ் என்று ஒரு டிரைவர். அவனும் அவன் தங்கச்சி புருஷனும் ஒரே நாளில் ஒரே ஜன்னலில் லைசென்ஸ் எடுத்தவர்கள். அடுத்தடுத்த நம்பர். ஆக, இரண்டு வண்டிக்கும் ஒரே நாள், ஒன்றன் பின் ஒன்றாகச் சோதனை.

ரிவர்ஸ் என்பது அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் இல்லை. ஸ்டாண்டுக்கு வந்த முதல் நாளே வண்டியைப் பின்னால் எடுக்கிறேன் பேர்வழி என்று ஸ்டாண்டின் பெயர்ப் பலகையைச் சாய்த்தான். அன்றிலிருந்து அப்படித்தான். தங்கச்சி புருஷனை அவன் மாப்பிள்ளை என்பான், வாங்க போங்க என்பான். ஸ்டாண்டே கிண்டல் பண்ணும். இருந்தாலும் விடமாட்டான். ஒரே தங்கச்சி.

அன்றைக்கு ரிவர்ஸின் வண்டி முதலில் போனது. சோதனை போடுகிறவரை டிரைவர்கள் டார்ச் என்பார்கள். கையில் டார்ச் லைட்டோடு தரையில் படுத்து, வண்டிக்கு அடியில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற மனுஷன். ஒரு டீ வாங்கிக் கொடுத்தால்கூடக் குடிக்கமாட்டார். டயரில் அளவு ஊசியை வைத்துப் பார்த்துவிட்டு, “பரவாயில்லையே, புதுசாப் போட்டுட்டியா?” என்று கேட்டார். ரிவர்ஸ் தலையை மட்டும் ஆட்டினான்.

ஸ்டிக்கரோடு வெளியே வந்தவன் வண்டியை நேராகச் சோதனை முற்றத்துக்குப் பின்னால் இருக்கும் சந்துக்குள் விட்டான். மாப்பிள்ளை பேப்பரைக் கொடுக்க ஜன்னலில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். அவர் வண்டி பழைய சக்கரங்களைக் கழற்றிச் சந்தில் தயாராக இருந்தது; ரிவர்ஸின் பழைய சக்கரங்களும் அங்கேயே கிடந்தன. ரிவர்ஸ் தன் வண்டியைச் செங்கல் அடுக்கி நிறுத்திவிட்டு, நாலு சக்கரத்தையும் கழற்றி மாப்பிள்ளை வண்டிக்கு ஒவ்வொன்றாக மாட்டினான். நட்டைக் கையால் சுற்றி, ஜாக்கியை இறக்கி, அப்புறம் ஸ்பேனரால் காலை வைத்து மிதித்து இறுக்குவான். இறுக்கினதும் டயரை உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டுவான். அது அவன் பழக்கம். தட்டினால்தான் ஒரு சக்கரம் முடிந்தது என்று அவனுக்குக் கணக்கு.

கடைசிச் சக்கரத்தில் இருந்தபோது மாப்பிள்ளை ஓடி வந்தார். “மச்சான், நம்பர் கூப்பிட்டாச்சு! வாட்ச்மேன் கத்தறான்! இப்ப உள்ள போகலைன்னா அடுத்த மாசம்தானாம்!”

“இருங்க மாப்பிள்ளை, இதோ.” நட்டை மறைக்கிற வீல் கப்பை அழுத்தி மூடினான், ஜாக்கியை உருவினான். வண்டி சந்தை விட்டுக் கிளம்பியது.

அதற்கப்புறம் ரிவர்ஸ் சாவகாசமாகத் தன் பழைய டயர்களைத் தன் வண்டிக்கு மாட்ட உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் வாட்ச்மேன் சந்து முனையில் எட்டிப் பார்த்துச் சிரித்தான். “உன் மாப்பிள்ளை வண்டி பாஸ். கூத்தைக் கேளு, டார்ச் சார் ஸ்கூட்டர் மக்கர் பண்ணிடுச்சு. நான் பாஸ் பண்ணின வண்டியிலேயே வீட்டுக்குப் போறேன்னு முன்சீட்டுல ஏறிட்டாரு. பாலத்துக்கு அந்தப் பக்கம்தானே அவரு வீடு.”

ரிவர்ஸும் சிரித்தான். மாப்பிள்ளை டார்ச்சைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எப்படி நெளிவார் என்று நினைத்தே சிரித்தான். சிரித்துக்கொண்டே கடைசிச் சக்கரத்தை இறுக்கினான், தட்டுவதற்குக் கையை ஓங்கினான். ஓங்கின கை அப்படியே நின்றது.

மாப்பிள்ளை வண்டியில் மூன்று தடவைதான் தட்டினான். முன்பக்கம், இடது சக்கரம், அதைத் தட்டவேயில்லை. கையால் சுற்றினான், ஜாக்கியை இறக்கினான், கப்பை மூடினான். ஸ்பேனரை வைக்கவேயில்லை. அந்தச் சக்கரத்துக்கு மேலே உட்கார்ந்திருப்பது டார்ச் சார். பக்கத்தில் மாப்பிள்ளை.

போனை எடுத்து மாப்பிள்ளைக்கு அடித்தான். மணி அடித்து அடித்து நின்றது. எப்படி எடுப்பார்? வண்டி ஓட்டும்போது போன் பேசினால் அபராதம், அதைப் போடுகிற ஆளே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். மறுபடி அடித்தான். எடுக்கவில்லை. சங்கச் செயலாளருக்கு அடித்து விஷயத்தைக் கொட்டினான்.

“அட பாவி!” என்றார் செயலாளர். “போய்ப் பிடி. ஆனா டார்ச் முன்னாடி வாயைத் திறக்காதே. டயர் விஷயம் வெளிய வந்தா ஸ்டாண்டுல ஒரு அடுப்பு எரியாது, ஞாபகம் வச்சுக்க. காத்து கம்மியா இருக்கு, அது இதுன்னு எதையாவது சொல்லி நட்டை இறுக்கிட்டு வந்துடு.”

ரிவர்ஸ் வண்டியை எடுத்தான். சாதாரணமாக அவன் யாரையும் முந்த மாட்டான். அன்றைக்கு பஸ்ஸை முந்தினான், பால் வண்டியை முந்தினான், திட்டு வாங்கினான், திருப்பித் திட்டக்கூட நேரமில்லை. ஈரமில்லாத ரோட்டிலேயே அவன் மொட்டை டயர் வழுக்கியது. வழியெல்லாம் தங்கச்சி முகம்தான் வந்து வந்து நின்றது. என் கையால நானே அவ தாலிக்கு… என்று நினைப்பு ஓடியதும் “சீ!” என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டான். பாலம் ஏறுகிற இடத்தில் வண்டி கண்ணில் பட்டது. முன் இடது சக்கரம் கோணிக் கோணி ஓடிக்கொண்டிருந்தது.

ஹாரனை அழுத்தினான். மாப்பிள்ளை கண்ணாடியில் பார்த்துக் கையை ஆட்டி, அப்புறம் பேசலாம் என்று சைகை காட்டினார். விளையாடுகிறான் என்று நினைத்திருப்பார். வேறு வழியில்லை. ரிவர்ஸ் முன்னால் போய் வண்டியைக் குறுக்கே போட்டான்.

“அறிவிருக்கா உனக்கு?” என்று டார்ச் இறங்கினார். “ஸ்டிக்கர் ஒட்டின பசை காயலை, அதுக்குள்ள ரவுடித்தனமா?”

“இல்ல சார், மாப்பிள்ளை வண்டியில முன் டயர்ல காத்து கம்மி மாதிரி தெரிஞ்சுது, அதான்…” என்று உளறிக்கொண்டே ஸ்பேனரோடு குனிந்தான். கப்பை நெம்பினான். உள்ளேயிருந்து ஒரு நட் கழன்று ரோட்டில் விழுந்து உருண்டது. மற்றவை விரலால் தொட்டாலே சுற்றின.

டார்ச் பார்த்தார். பாலத்துக்குக் கீழே ஆற்றைப் பார்த்தார். மறுபடி சக்கரத்தைப் பார்த்தார். கோபமெல்லாம் எங்கே போயிற்றோ, பேயறைந்த மாதிரி ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

“நான்தான் பாத்தேன் இந்த வண்டியை,” என்றார். “கப்பைத் திறந்து பாக்கலையே. ஃபார்ம்ல வீல் நட்டுக்குன்னு கட்டமே கிடையாது. கட்டம் இல்லேன்னா கண்ணும் இல்லாமலா போகும்? என் பொண்ணு தினமும் டாக்சியிலதான் காலேஜுக்குப் போறா. ஸ்டிக்கரைப் பாத்து ஏறும்மா, அது அப்பா பாத்த வண்டின்னு சொல்லித்தான் அனுப்பறேன்.” முகத்தைத் துடைத்துக்கொண்டார். “உங்க ரெண்டு பேர் மேல தப்பு இல்ல. நாளைக்கு நானே எழுதிக் குடுத்துடறேன், என் கவனக்குறைவுன்னு.”

மாப்பிள்ளை ரிவர்ஸின் கையை அழுத்தினார். பேசாமல் இரு என்று அர்த்தம். ரிவர்ஸுக்கும் அதுதான் சரி என்று பட்டது. கடவுளே தப்பிக்க வழி காட்டியிருக்கிறார், வாயை மூடிக்கொண்டு நட்டை இறுக்கினால் போதும். இறுக்கினான். ஒன்று, இரண்டு என்று ஏறி மிதித்து இறுக்கினான். பின்னால் டார்ச் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. ஒரு டீ வாங்கிக் குடிக்காத மனுஷன், ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுகிறார். ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

“சார்,” என்றான். “நீங்க பாத்தப்போ அது உங்க கண்ணுக்குத் தெரியாத வேலை சார். நான் பண்ணினது.”

“மச்சான்!” என்றார் மாப்பிள்ளை.

“இருங்க மாப்பிள்ளை. சார், இந்த டயரு காலையில என் வண்டியில இருந்துது. எனக்குப் பாஸ் பண்ணினதும் கழட்டி இவருக்கு மாட்டினேன். அவசரத்துல கடைசிச் சக்கரத்தை இறுக்கலை. என் வண்டியை இப்பப் பாருங்க.”

டார்ச் எழுந்து போய்ப் பார்த்தார். காலையில் ஊசி வைத்து அளந்த அதே வண்டி. டயர் வழுவழுவென்று இருந்தது, ஒரு இடத்தில் உள்ளே இருக்கிற நூல்கூடத் தெரிந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்பார் என்று ரிவர்ஸ் நின்றான். அவர் கேட்கவில்லை.

“ஸ்டாண்டு முழுக்க இதேதானா?”

ரிவர்ஸ் தலையைக் குனிந்துகொண்டான். அவருக்குப் புரிந்துவிட்டது. பாக்கெட்டிலிருந்து பிளேடை எடுத்து, இரண்டு வண்டிக் கண்ணாடியிலும் இருந்த ஸ்டிக்கரை நிதானமாகச் சுரண்டினார். கிழித்ததைக் காற்றில் விடாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“ஸ்டிக்கர் இல்லாம ரெண்டு வண்டியும் இந்த இடத்தை விட்டு நகரக்கூடாது. நாளைக்கு உங்க செயலாளரை ஆபீசுக்கு வரச் சொல்லு. டயர் மாத்த அவகாசம் குடுங்கன்னு நகரசபையில கேட்டுப் பாக்கறேன். குடுப்பாங்கன்னு சொல்லலை. கேக்கறேன்.” கொஞ்ச தூரம் போய்த் திரும்பினார். “நீ சொல்லாம இருந்திருக்கலாம்.”

“தெரியும் சார்.”

அவர் பாலத்தில் ஏறி, ஓரமாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டே நடந்து போனார்.

அவர் மறைகிற வரைக்கும் பொறுத்திருந்த மாப்பிள்ளை, அப்புறம் பொரிந்து தள்ளிவிட்டார். “உனக்குப் பைத்தியமா? அந்த ஆளே தன் மேல போட்டுக்கறேன்னு சொன்னாரே! வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியாதா உன்னால? நாளைக்கு ஸ்டாண்டுல உன்னை மட்டுமா, என்னையும் சேர்த்துக் காறித் துப்புவானுங்க! உன் தங்கச்சிக்கு என்ன பதில் சொல்லுவே?” இத்தனை வருஷத்தில் அவர் ரிவர்ஸை நீ என்று சொன்னது அன்றைக்குத்தான். ரிவர்ஸ் அவர் கத்துவதையும், கையைக் காலை ஆட்டுவதையும், கழுத்து நரம்பு புடைப்பதையும் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு நின்றான். எவ்வளவு வேண்டுமானாலும் கத்தட்டும் என்று இருந்தது.

போன் அடித்தது. தங்கச்சி.

“என்னண்ணா, இவரு போனையே எடுக்க மாட்டேங்கறாரு? சோதனை முடிஞ்சுதா இல்லையா? வண்டி எப்ப வரும்?”

“வண்டி வராதும்மா,” என்றான் ரிவர்ஸ். “மாப்பிள்ளை வர்றாரு.”