வலி நின்ற மத்தியானம்

வருடம் முழுக்கக் கதையளந்துவிட்டு, கடைசி வாரத்தில் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு அழுவது கல்லூரிப் பிள்ளைகளின் பிறப்புரிமை. அந்த வாடகை அறையின் மூன்று பெண்களும் அந்த உரிமையை விட்டுக்கொடுத்தவர்கள் இல்லை. ஆனால் அவர்களிடம் ஒரு டைம்டேபிள் இருந்தது. சுவரில் ஒட்டியிருந்தது மட்டுமல்ல, அதை எழுதி ஒட்டியவளுக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

டைம்டேபிளுக்கு உடம்பு முக்கியம். "படிக்கிறேன்னு உடம்பைக் கெடுத்துக்கிட்டா, பரீட்சை ஹால்ல போய் மயங்கித்தான் விழணும்" என்பாள். மணிக்கொரு முறை தண்ணீர், கண்ணுக்கு ஓய்வு, டீக்குப் பதில் பழம் என்று உயிரை வாங்குவாள். அந்த வாரம் யாருக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை என்பதில் அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அவள் செய்த இன்னொரு ஏற்பாடு பாகப்பிரிவினை. எல்லாரும் எல்லாவற்றையும் படிக்க நேரமேது? ஆளுக்குக் கொஞ்சம் படித்து மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். உத்திரம் எவ்வளவு பாரம் தாங்கும், எங்கே வளையும் என்கிற கடைசிப் பாடம் வாத்தியின் பங்குக்கு வந்தது. அது மற்ற இருவருக்கும் தலைகால் புரியாத பாடம். அவள் விளக்கினால் மரமண்டைக்கும் ஏறும், அதனால்தான் அவள் வாத்தி. மூன்றாமவள் வயதில் மூத்தவள் என்பதால் அக்கா. இதே தாளில் இரண்டு முறை கோட்டைவிட்டவள்.

தேர்வுக்கு முந்தின நாள் காலையில் வாத்தி பாயில் சுருண்டு கிடந்தாள். இரண்டு நாளாகத் தொப்புளைச் சுற்றி முணுமுணுத்த வலி, இப்போது வலப்பக்கம் அடிவயிற்றில் குத்திக்கொண்டிருந்தது. சாப்பிட்டது எதுவும் வயிற்றில் தங்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமாடி?" என்றாள் அக்கா.

டைம்டேபிள் சுவரைப் பார்த்தாள். ஆஸ்பத்திரி என்று கிளம்பினால் ஒரு நாள் பாழ். கடைசிப் பாடமும் அதோடு போச்சு.

"ஏதோ ஒத்துக்கலை, அவ்வளவுதான். ஒரு மாத்திரை போட்டுக்க. பாடத்தை முடிச்சிட்டு சாயங்காலம் போயிடலாம். என்ன வாத்தி?"

"முடிச்சிடுறேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள் வாத்தி. "என்னால உங்களுக்கு மார்க் போக வேணாம்."

அக்காவும் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்றாவது முறையும் தோற்றால் வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது?

பிறகு இருவரும் வாத்தியை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினார்கள். முதுகுக்குத் தலையணை, நெற்றிக்கு ஈரத்துணி, வாந்தி எடுக்க வாளி. எல்லாம் பாடம் நிற்காமல் இருப்பதற்காக. அதைக் கவனிப்பு என்று சொல்ல நாக்குக் கூசுகிறது.

மத்தியானம், படம் போட்டுக்கொண்டிருந்த வாத்தி சட்டென்று பென்சிலை நிறுத்தினாள். வயிற்றைத் தடவிப் பார்த்தாள்.

"ஏய், வலி நின்னுடுச்சுடி!"

"நான்தான் சொன்னேன்ல!" டைம்டேபிள் கை தட்டினாள். அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆஸ்பத்திரிப் பேச்சு அத்தோடு முடிந்தது. மூவரும் மறுபடி நோட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வாத்தி அக்காவின் தப்புக் கணக்கைக் கிண்டல்கூடச் செய்தாள்.

விளக்குப் போடும் நேரத்தில் பாடம் முடிந்தது. அதற்குள் வாத்திக்குக் குளிர் தூக்கித் தூக்கிப் போட்டது. வயிறு பலகையாக இறுகி, கைகால் சில்லிட்டிருந்தது. ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடித்து, வண்டி பிடித்துக் கொண்டுபோனார்கள்.

டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "நடுவுல வலி நின்னுச்சா?"

"ஆமா டாக்டர். மத்தியானமே நின்னுடுச்சு" என்றாள் டைம்டேபிள், நல்ல சேதி சொல்வதாக நினைத்து.

"மத்தியானமேவா?" அவர் குரல் உயர்ந்தது. "குடல்வால் வீங்கியிருக்கும்மா. வலி நின்னது குணமானதால இல்ல, அது உள்ள வெடிச்சதால. அப்பவே தூக்கிட்டு ஓடி வந்திருக்க வேணாமா?"

இரவோடு இரவாக அறுவைச் சிகிச்சை செய்தார்கள். சீழ் வயிறெங்கும் பரவி, ரத்தத்திலும் விஷம் ஏறிவிட்டிருந்தது. விடிந்ததும் அக்கா தேர்வெழுதப் போனாள். போகாதே என்று சொல்ல டைம்டேபிளுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அவள் மட்டும் தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றாள். தேர்வு மணி அடிக்கும் முன்பே வாத்தி போய்விட்டாள்.

வாத்தியின் அம்மா ராத்திரியெல்லாம் பயணம் செய்து, கசங்கிய சேலையோடு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மகளின் முகத்தைப் பார்த்துக் கதறி ஓய்ந்தவள், மெல்ல வெளியே வந்து டைம்டேபிளின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நேத்தெல்லாம் நீதான் கூட இருந்தியாமே. ரொம்ப வலிச்சுதாம்மா அவளுக்கு?"

எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் டைம்டேபிள் நினைத்தாள். "மத்தியானமே வலி நின்னுடுச்சும்மா" என்பது மட்டும்தான் வெளியே வந்தது.

அம்மா அவள் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீ நல்லா இருக்கணும்மா. எம் பொண்ணு வலியில்லாமப் போனாளே, எனக்கு அது போதும்."