பக்கத்து நாற்காலிக்காரர்

கிட்போக் கார்பூலி முதலமைச்சராக இருந்தது பதினேழே நாள். பதினெட்டாம் நாள் காலையில் ஆட்சி கவிழ்ந்தது. அன்று பிற்பகல் ஷில்லாங்கில் இலக்கில் தைக்கும் அம்புகளின் எண்ணிக்கைமேல் பணம் கட்டும் வில்லம்புச் சூதாட்டக் கடைகளிலெல்லாம் ஆளுக்கு ஆள் பதினேழாம் எண்ணையே கேட்டு வாங்கினார்கள். எண் விழவில்லை. அதற்கும் அவரைத்தான் திட்டினார்கள்.

அன்றிலிருந்து ஊருக்கு அவர் பெயர் மறந்துவிட்டது. "பதினேழு போறாரு பாரு" என்பார்கள். முதலில் சிரித்துச் சொன்னார்கள், பிறகு பழக்கத்தில் சொன்னார்கள், இப்போது சொல்கிறவர்களுக்கே அதன் காரணம் தெரியாது. இருபத்தெட்டு வருடம் ஓடிவிட்டது. அவருக்கும் எழுபத்தொன்பது ஆகிவிட்டது.

அவர் இருந்த வீடு அவருடையது அல்ல. காசிப் பழங்குடியினரின் தாய்வழி வழக்கப்படி அது மனைவி தெரிலினுக்கு அவள் தாயிடமிருந்து வந்தது. தெரிலின் போனபின் கடைசி மகள் மெரிஷாவுக்குப் போனது. மெரிஷா கணவனோடு புனேயில் வேலையில் இருந்தாள். "மக வீட்டுக்குக் காவல்காரன் நான்" என்று கிட்போக் சொல்லிக்கொள்வார். கேட்கத்தான் யாரும் இல்லை. ஞாயிறு தேவாலயத்தில் நாலு பேர் கைகுலுக்குவார்கள். திங்கள் முதல் சனி வரை வானொலிதான் பேசும்.

ஜனவரியில் மாநிலம் பிறந்த நாள் விழாவுக்கு அழைப்பு வந்தது. உயிரோடிருக்கும் முன்னாள் முதலமைச்சர்களைக் கௌரவிக்கப் போகிறார்களாம். அழைப்பிதழோடு ஒரு தாளும் இருந்தது: பதவி வகித்த வரிசைப்படி இருக்கைகள். கிட்போக் அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தனக்கு அடுத்து யார் என்று பார்க்கத் தேவையே இல்லை. இருந்தாலும் பார்த்தார். ஒஸ்லான் சுதிங்.

இருவரும் இருபது வயதில் ஒரே பாயில் படுத்தவர்கள். தனி மாநிலம் கேட்டு ஊர்வலம் போன நாட்களில் பசை வாளியைக் கிட்போக் தூக்குவார், சுதிங் சுவரில் ஒட்டுவார். பின்னால் ஒரே கட்சி, ஒரே மேடை. கிட்போக் முதலமைச்சரானபோது சுதிங்தான் அடுத்த இடத்தில் இருந்தார். பதினேழாம் நாள் இரவு கிட்போக் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனவர், மறுநாள் காலையில் எட்டு உறுப்பினர்களைக் கூட்டிக்கொண்டு எதிரணிக்குப் போய்விட்டார். விலகல் கடிதத்தை டிரைவர் கொண்டுவந்து கொடுத்தான். அதன் பிறகு சுதிங் ஐந்து வருடம் ஆண்டார். சாலை போட்டார், கல்லூரி கட்டினார், பெயர் வாங்கினார். கிட்போக் வீட்டுப் படியை மட்டும் மிதிக்கவில்லை.

போகக் கூடாது என்றுதான் கிட்போக் நினைத்தார். ஆனால் அன்று விடிந்ததும் தானாகவே கறுப்புக் கோட்டை எடுத்துத் தூசி தட்டினார்.

பந்தலின் ஒரு பக்கம் முழுக்க முதலமைச்சர்களின் படங்கள் மாட்டியிருந்தன. அறிவிப்பாளர் பெண் ஒவ்வொரு பெயராக வாசித்தாள். ஒருவருக்கு மின்சாரம், ஒருவருக்குக் குடிநீர், ஒருவருக்கு எல்லைப் பேச்சுவார்த்தை. கிட்போக்கின் முறை வந்தபோது தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "திரு. கிட்போக் கார்பூலி. இவரும் நம் முதலமைச்சராக இருந்திருக்கிறார்" என்றாள். கை தட்டினார்கள். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தது கேட்டது.

அப்போதுதான் பக்கத்து நாற்காலிக்காரர் அவர் கையைப் பிடித்தார். சுதிங் மிகவும் இளைத்திருந்தார். கம்பளித் தொப்பி காதுவரை இறங்கியிருந்தது. குனிந்து, காதோடு காதாகச் சொன்னார்:

"முப்பது சேர்ந்தாச்சு. இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் வேணும். நீ வர்றியா?"

அறுபது பேர் சட்டசபையில் ஆட்சி அமைக்க முப்பத்தொன்று வேண்டும். கிட்போக்குக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது.

"இத்தனை பேருக்கு நடுவுலயும் உனக்கு நக்கல் போகலையா?" என்று கையை உதறினார். தேநீருக்குக்கூட நிற்கவில்லை. வீடுவரை நடந்தே வந்தார்.

மூன்றாம் நாள் காலையில் வாசலில் ஒரு பெண் நின்றாள். ஐம்பதை நெருங்கிய வயது, தோளில் சால்வை, கையில் ஆவி பறக்கும் அரிசிப் பணியாரப் பொட்டலம். சுதிங்கின் மகள் இபான். சின்ன வயதில் இந்த வீட்டுக் காய்க்கொடிப் பந்தலில் ஏறி விழுந்தவள்.

"பாஹ் கிட்போக், உள்ள வரலாமா?" என்றாள். மூத்த ஆண்களை அங்கே 'பாஹ்' என்பார்கள்.

"வந்துட்டியே. உட்காரு." வழக்கத்தை விடாமல் வெற்றிலைப் பாக்குத் தட்டை நகர்த்தினார். முகம் மட்டும் இளகவில்லை.

"அன்னைக்கு அப்பா ஏதோ சொல்லிட்டாராம். மன்னிச்சுக்கோங்க. அவருக்கு ரெண்டு வருஷமா எதுவும் நினைவுல நிக்கிறதில்லை. என்னையே சில நாள் நர்ஸம்மான்னு கூப்பிடுறாரு. வெளியில யாருக்கும் தெரியாது, நாங்க சொல்லல. விழாவுக்கும் கூட்டிட்டுப் போகவேண்டாம்னுதான் இருந்தேன். கார் வந்து நின்னதும் அவரே கோட்டைப் போட்டுக்கிட்டாரு."

கிட்போக் தட்டிலிருந்து ஒரு பாக்கை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

"வந்ததுல இருந்து ஒரே கேள்விதான். என் பக்கத்துல உக்காந்திருந்தானே, அவன் எங்க, அவன் ஏன் போயிட்டான்னு. சாப்பாடு இறங்கல. ஒரு தடவை வந்துட்டுப் போனீங்கன்னா…"

"இருபத்தெட்டு வருஷம் காங் இபான். உங்கப்பன் கால் இந்தப் படியில படல. என் பெண்டாட்டி செத்தப்போ ஒரு மலர்வளையம் வந்துச்சு, அதையும் டிரைவர்தான் கொண்டுவந்தான். நான் அங்க வரணுமா?"

சின்னவளை அக்கா என்கிற மாதிரி 'காங்' போட்டு அவர் விலக்கி நிறுத்தியது அவளுக்குப் புரிந்தது. எழுந்தாள். "பணியாரம் சூடா இருக்கு. ஆறிப்போச்சுன்னா நல்லா இருக்காது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

பணியாரத்தை அவர் இரண்டு நாள் தொடவில்லை. மூன்றாம் நாள் கல்லுப் போலக் கிடந்ததைத் தண்ணீர் தெளித்துச் சூடாக்கித் தின்றார். தின்றுகொண்டிருக்கும்போது, இந்த வாரத்தில் தன் வீட்டுக்குள் நுழைந்த ஒரே ஆள் அவள்தான் என்று தோன்றியது. இந்த மாதத்தில் என்று திருத்திக்கொண்டார். புதன்கிழமை மதியம் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

சுதிங் கண்ணாடி வராந்தாவில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாடா லாம்! எங்க ஒழிஞ்ச? ஆளுங்க எல்லாம் காத்துக்கிட்டிருக்காங்க."

லாம்போர், சுதிங்கோடு போன எட்டுப் பேரில் ஒருவன். எதற்கும் தலையாட்டுகிறவன். செத்துப் பத்து வருடமாகிறது. நான் லாம் இல்லை என்று சொல்ல கிட்போக் வாயைத் திறந்தார். கதவோரம் நின்ற இபான் கும்பிடுகிற மாதிரி பார்த்தாள்.

"வழியில மழை, அதான்" என்றார் கிட்போக்.

அன்றிலிருந்து புதன்கிழமை தவறாமல் போனார். சுதிங் ஒரு நாள் கூட்டணி பேசுவார், ஒரு நாள் தொகுதிச் சண்டை பேசுவார். இல்லாத கோப்பில் கையெழுத்துக் கேட்பார். "தம்பி, அந்த நிலக்கரிக்காரனுங்களை நம்பாதே" என்பார். கிட்போக் தலையாட்டுவார். தலையாட்டும்போது, லாமின் வேலை இவ்வளவு சுலபமா என்று நினைத்துக்கொள்வார். பன்றி இறைச்சிச் சோறு வரும். இருவரும் சாப்பிடுவார்கள். இரண்டு தட்டு வைத்த மேசையில் சாப்பிட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. கோபம் இருந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று அவர் தடவிப் பார்க்கவில்லை.

மார்ச் மாதத்தில் ஒரு பிற்பகல். காற்று பைன் மரங்களைப் போட்டு உலுக்கியது. சுதிங் அன்று பேசாமல் இருந்தார். கிட்போக் தன்னை அறியாமல் கேட்டுவிட்டார்:

"கிட்போக்கை ஏன் கவுத்த?"

சுதிங் திரும்பிப் பார்த்தார். கண் தெளிவாக இருந்தது. தன்னை அடையாளம் தெரிந்துவிட்டதோ என்று கிட்போக் நினைத்தார்.

"ஏன்னா? நாற்காலி வேணும்னு இருந்துச்சு, கவுத்தேன். பேப்பர்காரன்கிட்ட ஆயிரம் காரணம் சொன்னேன். உனக்கென்னடா, நீ என்கூட வந்தவன்தானே."

"அவன் உனக்கு ஏதாச்சும் கெடுதல் பண்ணானா?"

"பண்ணியிருந்தா நல்லா இருந்திருக்குமே! அந்த மடையன் எல்லாத்தையும் என்கிட்ட கேட்டுக்கேட்டுத்தான் செஞ்சான்." சுதிங் போர்வையின் நூலைப் பிய்த்தார். "முந்தின ராத்திரி அவன் வீட்டுல சாப்பிட்டேன். தெரிலின் நல்ல துண்டா பார்த்து என் தட்டுல போட்டா. முழுங்க முடியல லாம். சவச்சுக்கிட்டே இருந்தேன். விடிஞ்சதும் கடிதத்தை நானே கொண்டுபோய்க் கொடுக்கணும்னு கிளம்புனேன். தேவாலயத் திருப்பம் வரைக்கும் போனேன். அங்க இருந்து பார்த்தா அவன் வாசல் தெரியும். அவன் வெளியில நின்னு பல்லு விளக்கிக்கிட்டு இருந்தான். முதலமைச்சர்! வாசல்ல நின்னு பல்லு விளக்குறான். வண்டியைத் திருப்பிட்டேன்."

தன்னைக் கவிழ்த்த அன்று அவர்கள் எல்லாரும் ஏதோ ஓர் அறையில் உட்கார்ந்து சிரித்திருப்பார்கள் என்றுதான் இத்தனை வருடமும் கிட்போக் நினைத்திருந்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டுக் கேட்டே தூங்கியிருக்கிறார்.

"அப்புறமாவது போயிருக்கலாம்ல?"

"போனா என்ன சொல்வான்?"

"திட்டுவான். நல்லா திட்டுவான். அப்புறம் டீ போடச் சொல்லுவான்."

சுதிங் அதை யோசித்தார். "உனக்கு அவனைத் தெரியுமா?"

"கொஞ்சம் தெரியும்."

"அப்ப போய்ச் சொல்லு. நான் வர்றேன்னு சொல்லு. இந்தச் சட்டசபைக் கூட்டம் முடியட்டும்."

"சொல்றேன்" என்றார் கிட்போக். போர்வை சரிந்திருந்தது. எடுத்துக் காலில் போர்த்திவிட்டார்.

அதற்குப் பிறகு சுதிங் அதைப் பேசவே இல்லை. மே மாதத்தில் லாமையும் மறந்தார். கிட்போக் போனால் யாரோ வந்திருக்கிறார் என்று மரியாதையாக எழுந்திருக்கப் பார்ப்பார். ஜூனில் மழை பிடித்துக்கொண்டது. இரண்டாம் வாரம் சுதிங் இறந்துபோனார்.

மூவர்ணக் கொடி போர்த்தினார்கள், துப்பாக்கி வேட்டு போட்டார்கள். தேவாலயத்தில் அமைச்சர்கள் பேசி முடித்த பிறகு இபான் எழுந்து வந்து கிட்போக் முன்னால் நின்றாள். "நீங்க ரெண்டு வார்த்தை சொல்லணும் பாஹ்." பதினேழு பேசப்போகிறார் என்றதும் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. பத்திரிகைக்காரர்கள் முன்னால் வந்தார்கள்.

"எனக்குப் பின்னால இவர் வந்தார்" என்றார் கிட்போக். "என்னைவிட நல்லா ஆண்டார். எனக்கும் அவருக்கும் நடுவுல இருந்தது தீர்ந்துபோச்சு. எப்படின்னு கேக்காதீங்க." சவப்பெட்டியின் விளிம்பை ஒருமுறை தொட்டுவிட்டு இறங்கினார். கூட்டத்துக்கு அது போதவில்லை. பெருந்தன்மை என்று சிலர் சொன்னார்கள், வேறென்ன சொல்வார் என்று சிலர்.

இபான் வீட்டைப் பூட்டிக்கொண்டு அப்பாவுக்காக விட்டு வந்த குவஹாத்தி வேலைக்குத் திரும்பிப் போனாள். போகும்போது, எப்போது வேண்டுமானாலும் வாருங்கள் என்றாள். பூட்டின வீட்டுக்கு எப்படி வருவது என்று இருவருமே கேட்கவில்லை.

செய்தித்தாளில் படம் வந்ததைப் பார்த்துவிட்டு மெரிஷா புனேயிலிருந்து பேசினாள்.

"நீங்க அந்த ஆளுக்காகப் போய்ப் பேசினீங்களாப்பா?"

"ஆமா. அதுக்கு முன்னாடியும் போயிட்டு இருந்தேன். வாராவாரம்."

மறுமுனையில் அவள் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அம்மா சமையக்கட்டுல உக்காந்து அழுததை நான் பார்த்தேன். எனக்கு அப்போ பன்னெண்டு வயசு. சாகுற வரைக்கும் அந்தப் பேரை வீட்டுல சொல்லவிடல. நீங்க அங்க போய்ச் சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்."

"ஏன்?"

தெரிலின் போட்ட துண்டு, தேவாலயத் திருப்பம், திரும்பிப்போன வண்டி எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன. மறதிக்காரர் ஒருவர், செத்துப்போன இன்னொருவரிடம் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னது. அதை எந்த நுனியிலிருந்து பிடித்துச் சொல்ல? சாட்சிக்கும் ஆள் இல்லை.

"தெரியலம்மா" என்றார்.

அவள் கோபம் நியாயமானது என்று அவருக்குத் தெரியும். தெரிலின் இருந்திருந்தால் இவளைவிட அதிகமாகக் கோபப்பட்டிருப்பாள், பிறகு கேட்டிருப்பாள்.

"சரி. ராத்திரிக்குச் சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. இங்க நல்ல மழை."

போனை வைத்தார். தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தில் வானொலி கேட்காது. அதனால் அதைப் போடவில்லை. சமையல்கட்டுக்குப் போய் ஒரு கை அரிசியை அளந்து கழுவி உலையில் போட்டார்.