அறுந்த இடத்தில் சொன்னது

சிவாஜினிக்குத் தொலைபேசியில் மொழிபெயர்க்கும் வேலை. ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் மூன்றாம் மாடி வீட்டிலிருந்து, ஆஸ்பத்திரிகளில் டொக்டர் கேட்பதைத் தமிழிலும் நோயாளி சொல்வதைப் பிரெஞ்சிலும் மாற்றிச் சொல்வாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அழைப்பில் வந்த நோயாளி குகதாசன். ரெஸ்ரோறண்டில் கோப்பை கழுவுபவர். நெஞ்சு படபடப்பு என்று ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். இதற்கு முன் என்னென்ன வருத்தங்கள் இருந்தன என்று டொக்டர் கேட்டார்.

"சீனி வருத்தம் இருக்கு."

நீரிழிவு என்று சிவாஜினி அதைப் பிரெஞ்சில் சொன்னாள்.

"பிறகு, சின்னனிலை இருந்து தொய்வு. குளிருக்கு இழுக்கும்."

அவள் வாயைத் திறக்கவும் இணைப்பு அறுந்தது. இன்டர்நெட் பெட்டியில் சிவப்பு விளக்கு. அது தானாக அணைந்து எழும்பிப் பச்சைக்கு வர நாலு நிமிடம் பிடித்தது. அதற்குள் டொக்டர் மறுபடி அழைத்துவிட்டார். அப்படி அழைத்தால், அந்த நேரம் யார் சும்மா இருக்கிறார்களோ அவர்களுக்குத்தான் போகும். அது இன்னொரு மொழிபெயர்ப்பாளரான ஜிஸ்லேனுக்குப் போயிருந்தது. சிவாஜினிக்கு வேறோர் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் அழைப்பு வந்தது.

அந்த அழைப்பை முடித்ததும் ஜிஸ்லேனுக்கு எடுத்தாள். ஜிஸ்லேன் புதுச்சேரிக்காரி.

"குகதாசன் எண்டவர் தொய்வைப் பற்றிச் சொன்னவரோ?"

"தொய்வா? அப்படின்னா?"

"ஆஸ்துமா."

"இல்லையே. வேற வியாதி உண்டான்னு டாக்டர் கேட்டாங்க. 'எல்லாம் அப்பவே சொல்லிப்போட்டன்'னாரு. அதையே சொன்னேன். டாக்டரும் சரின்னுட்டாங்க."

ஜிஸ்லேன் மேல் பிழை இல்லை. குகதாசனும் பொய் சொல்லவில்லை. தொய்வையும் சொல்லியாயிற்று என்று அவர் நினைத்தார்; சீனி வருத்தத்தைத்தான் சொல்கிறார் என்று டொக்டர் நினைத்தார்.

மொழிபெயர்ப்பாளர்கள் ஆஸ்பத்திரியை நேரே அழைக்கக் கூடாது. சிவாஜினி பொறுப்பாளர் ரேமண்டை அழைத்தாள். முடிந்த அழைப்பைத் திரும்பத் திறக்க வழியில்லை என்றார் அவர்.

"திறக்க வேண்டாம். ஒரு வசனம் போய்ச் சேரவில்லை. அதை மட்டும் டொக்டரிடம் சேர்த்துவிடுங்கள்."

சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்றார் ரேமண்ட்.

டொக்டர் எழுதிக் கொடுத்திருந்தது இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை. தொய்வு உள்ளவருக்கு அது மூச்சை இறுக்கிவிடலாம். அரை மணி நேரத்தில் டொக்டரே சிவாஜினிதான் வேண்டும் என்று கேட்டு அழைத்து, குகதாசனையும் இணைத்தார். குகதாசன் லா ஷப்பலில் மருந்துக்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணை, அந்தக் குளிசையை வாங்காதேங்கோ. டொக்டர் வேறை எழுதித் தருவா."

"ஏன் தங்கச்சி?"

"உங்கடை தொய்வு அவாக்குத் தெரியாமல் போச்சு."

"நான் சொன்னனானே!"

"ஓம், சொன்னனீங்கள். எனக்குக் கேட்டது. நான் அவாக்குச் சொல்ல முதல் லைன் அறுந்திட்டுது."

குகதாசனுக்குக் கோபம் வந்தது போலிருந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை போலும். வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டார். பின்னால் ரோட்டு இரைச்சல் கேட்டது.

"அப்ப முதலிலை இருந்து சொல்லவோ?"

"சொல்லுங்கோ, அண்ணை. ஆறுதலாச் சொல்லுங்கோ."

அவர் சொல்லத் தொடங்கினார். ஒவ்வொரு வசனத்துக்கும் டொக்டர் 'தக்கோர்', சரி, என்று சொன்ன பிறகே சிவாஜினி அடுத்ததைக் கேட்டாள்.