வால் வெட்டிய சொல்

நர்ஸ் தோரா நெஸ்ஹைம் ஈதர் கொடுத்து மயக்கியவர்கள் எல்லோரும் அறுவை மேசைக்கு நான்கு விரற்கடை மேலே மிதந்து கிடந்தார்கள். மினசோட்டாவில் நார்வேக்காரர்கள் குடியேறிய நோர்டால் ஊர் ஆஸ்பத்திரியில் 1897 முதல் இப்படித்தான் நடந்தது. நோஞ்சானும் மிதந்தான், பன்றிப் பண்ணைத் தடியனும் மிதந்தான், உயரத்தில் வித்தியாசமில்லை. டாக்டர் ஆமுண்ட் லீன் குள்ளமானவர் என்பதால் காலுக்கடியில் ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு அறுத்தார். தலைமாட்டில் முக்காலி போட்டுத் தோரா உட்கார்ந்திருப்பாள். வலது கை முகமூடித் துணியில் சொட்டுச் சொட்டாக ஈதர் விடும், இடது கைச் சுண்டுவிரல் நோயாளியின் தாடைக்கடியில் கொக்கிபோல் மாட்டியிருக்கும். அந்த விரல் இருக்கும்வரை ஆள் அதற்கு மேலே போகவும் மாட்டான், கீழே விழவும் மாட்டான்.

அவளுக்கு முன்னால் ஈதர் ஊற்றியவர்கள் டாக்டருக்குப் படிக்கும் பையன்கள். கத்தி வேலை கற்க வந்தவர்கள் கத்தியைத்தான் பார்த்தார்கள், மயங்கியவனின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்கள் மயக்கியவர்கள் கனத்துப் போனார்கள். உள்ளூர் விவசாயி ஹால்வோர் பிரெக்கேயின் தம்பி சாதாரண விரல் வெட்டுக்குப் போனான். அவன் கனத்த கனத்தில் மேசைக் கால் தரைப் பலகையைப் பிளந்தது. எழுந்திருக்கவே இல்லை. சவப்பெட்டியைத் தூக்கப் பதினோரு பேர் வேண்டியிருந்தது. அன்றிலிருந்து ஹால்வோர் டாக்டர்களை நம்புவதில்லை. வக்கீல்களையும், பஞ்சாங்கம் அச்சடிப்பவர்களையும் அவர் அதற்கு முன்பே நம்பியதில்லை.

ஆனாலும் 1909இல் குடலிறங்கி, நடக்க முடியாமல் அவரே அங்கே போய்ப் படுக்க வேண்டி வந்தது.

“கத்தி புடிக்கிறவன் யாரா வேணா இருக்கட்டும். என் மூஞ்சிய யாரு பாக்கப்போறா?” என்று கேட்டார்.

“நாந்தான் பெரியவரே. அழகா இல்லைன்னாலும் பாத்துத்தானே ஆகணும்” என்றாள் தோரா.

அவர் மிதந்தார். கட்டிய வார்களை மீறி உடம்பு எழும்பியதும், கீழே மேசைக்கும் முதுகுக்கும் நடுவே குளிர்ந்த காற்று ஓடியதும், ஏதோ ஓர் அசட்டுத் தூரத்திலிருந்து டாக்டர் ஒரே ஒரு சொல் சொன்னதும் அவருக்கு நினைவிருந்தது. “நோ?” அது இங்கிலீஷ் நோ இல்லை, நார்வேக்காரர்களின் சொல். கடைசியில் குரலை வால்போலத் தூக்கிச் சொன்னால் “என்ன, ஆரம்பிக்கலாமா?” என்று அர்த்தம். வாலில்லாமல் மொட்டையாகச் சொன்னால் “இப்போது” என்று அர்த்தம். டாக்டர் எப்போதும் வாலோடுதான் சொன்னார். தோரா காதின் நிறத்தைப் பார்த்து, மூச்சை எண்ணி, “யா” என்ற பிறகுதான் கத்தி இறங்கும்.

1916இல் பட்டணத்து டாக்டர் சங்கம் வழக்குப் போட்டது. மயக்குவது வைத்தியம், வைத்தியம் டாக்டருக்கே உரியது, நர்ஸ் செய்தால் குற்றம் என்றார்கள். மிதப்பதைப் பற்றி மனுவில் ஒரு வார்த்தை இல்லை, அதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்கவில்லை. தோற்றால் தோரா அந்த முக்காலியில் உட்கார முடியாது, மறுபடி பையன்கள் வருவார்கள். ஆமுண்ட் லீன் தன் உத்தரவுப்படிதான் அவள் செய்கிறாள் என்று சொன்னால் தப்பிக்கலாம் என்று அவர்கள் பக்கத்து வக்கீல் சொல்லிக்கொடுத்திருந்தார்.

கோர்ட்டின் நார்வே மொழிபெயர்ப்பாளர் உருளைக்கிழங்கு தோண்டப் போயிருந்ததால் வேடிக்கை பார்க்க வந்திருந்த ஹால்வோரைப் பிடித்து பைபிள்மேல் கை வைக்கச் சொன்னார்கள். உள்ளதை உள்ளபடி சொல்வதாகச் சத்தியம் செய்தார்.

டாக்டர் நல்ல மனுஷர், பொய் வராது. வெட்டுமுன் என்ன சொல்வீர்கள் என்று கேட்டதற்கு, எப்போதும் சொல்வதுபோலவே வாலைத் தூக்கி, “நோ?” என்றார்.

“பாத்தீங்களா, டாக்டரே வேண்டாம்னு சொல்லியிருக்காரு!” என்று பட்டணத்து வக்கீல் துள்ளினார். நார்வேக்காரர்கள் சிரித்தார்கள். நீதிபதிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று ஹால்வோரைக் கேட்டார்.

ஹால்வோர் பிளந்த தரைப் பலகையை நினைத்தார், தோளை அழுத்திய பெட்டியை நினைத்தார். சத்தியத்தையும் நினைத்தார்.

“‘இப்ப’ன்னு அர்த்தம்யா. டாக்டரு ‘இப்ப’ங்கறாரு. அந்தப் பொண்ணு ‘சரி’ங்கறா.”

எந்த அகராதியும் அதைத் தப்பென்று சொல்லாது. தோரா தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். சரிதானா என்று நீதிபதி கேட்டபோது, “அவரு ‘நோ’ங்கறாரு, நான் ‘யா’ங்கறேன்” என்றாள். அதுவும் உண்மைதான். உத்தரவிடுபவர் டாக்டர், நர்ஸ் வெறும் கை, ஆகவே வைத்தியம் அல்ல என்று தீர்ப்பாயிற்று.

வெளியே படிக்கட்டில் ஹால்வோர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“வால வெட்டிட்டேன் பொண்ணே. வேற வழி தெரியல.”

“தெரியும். வேலை தப்பிச்சுது, அதுக்கு உங்களுக்குப் புண்ணியம்” என்றாள் தோரா. கையுறையை மாட்டினாள், கழற்றினாள். “பத்தொம்பது வருஷமா அவரு கேட்டாரு, நான் சொன்னேன். இனிமே அவரு சொல்றாரு, நான் கேக்கறேன். கோர்ட்டுப் புஸ்தகத்துல அப்படித்தான் கெடக்கும்.”

ஹால்வோர் தொப்பியை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். அந்த ஞாயிறு முதல் ஆறு வருஷம் அவர் திருச்சபையில் நற்கருணை அப்பம் வாங்கவில்லை. பாதிரியார் கேட்டதற்கு, பல் சரியில்லை என்றார்.

தோராவிடம் கற்றுக்கொள்ள மூன்று மாவட்டங்களிலிருந்து நர்சுகள் வந்தார்கள். அவர்கள் மயக்கியவர்களும் மிதந்தார்கள். முதலில் இரண்டு விரற்கடை, பழகப் பழக நான்கு.

1922இல் மறுபக்கமும் குடலிறங்கி ஹால்வோர் திரும்பப் போனார். தோராவுக்குக் கண்ணாடி வந்திருந்தது. துணி முகத்தில் விழுந்தது, முதுகுக்கடியில் பழைய குளிர்காற்று ஓடியது.

“நோ?” என்றார் டாக்டர், வாலோடு.

தோரா ஹால்வோரின் காதைப் பார்த்தாள். ஹால்வோர் மேலே கிடந்தபடி தன் மூச்சை எண்ணினார். ஒன்று. இரண்டு. மூன்று. டாக்டர் கத்தியோடு பலகைமேல் நின்று காத்துக்கொண்டிருந்தார், முழங்கையில் அரிப்பெடுத்தும் சொறிந்துகொள்ளாமல்.

“யா” என்றாள் தோரா.

அடுத்த ஞாயிறு ஹால்வோர் நற்கருணை வாங்கினார். ஆஸ்பத்திரிக்குப் புது மேசை செய்த தச்சன், யாரும் சொல்லாமலே அதை நான்கு விரற்கடை தணித்துச் செய்தான். டாக்டரின் பலகையை அடுப்புக்குப் போட்டார்கள்.