துடைத்து வைத்த முட்டைகள்

அவள் பெட்டியின் மூடியைத் திறந்தாள். நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம். மூக்கைப் பொத்தினால் வாய் வழியாகப் போய் நாக்கில் உட்கார்ந்துகொண்டது. முந்தானையை வாயில் அடைத்தபடி மணலை விலக்கினாள். அடியில் ஏதோ அட்டை விரலில் இடித்தது.

ஆற்றங்கரை மணலில் ஆமை முட்டைகளுக்குக் காவல் இருப்பதுதான் அவள் வேலை. அந்தக் கரையின் லட்சணத்தைச் சொல்லவே வாய் கூசும். பிள்ளைக்குக் கட்டிய டயப்பரை மணலில் புதைத்துவிட்டுப் போகிற மகராசிகள், பாட்டிலை உடைத்துவிட்டுச் சிரிக்கிற துரைமார்கள், அவர்கள் வீசிய எலும்புக்கு வந்து ஆமைக் குழியையும் சேர்த்துத் தோண்டித் தின்கிற நாய்கள். இந்த வருஷம் தப்பியது ஒரே ஒரு குழி. அணையைத் திறக்கப்போகிறார்கள் என்றதும் அதிலிருந்த முட்டைகளை எடுத்துவந்து, வீட்டுக் கொட்டகையில் மணல் நிரப்பிய பெட்டிக்குள் வைத்தாள். கோழி முட்டை மாதிரி இதை உருட்டக்கூடாது. கரு மேல் ஓட்டில் ஒட்டிக்கொண்டுதான் வளரும்; புரட்டினால் அதோடு சரி. அதனால் ஒவ்வொன்றின் உச்சியிலும் பென்சிலால் ஒரு கோடு போட்டு, கோடு மேலே பார்க்கவே புதைத்திருந்தாள். குஞ்சு பொரிந்து ஆற்றில் இறங்குவதைக் கண்ணால் பார்த்தால் கரையை மணல் லாரிக்காரர்களுக்கு விடுவதில்லை என்று வனத்துறை அதிகாரி சொல்லியிருந்தார். பார்க்காவிட்டால் லாரிதான். குஞ்சு பொரிகிற நாள் இன்று; மத்தியானம் அவர் வருகிறார்.

அட்டையைத் தூக்கினாள். முட்டைக்கடைத் தட்டு. அதன் குழிக்கு ஒன்றாக முட்டைகளை ஒரே மாதிரி செங்குத்தாக நிறுத்தி, அழகாக அடுக்கியிருந்தது. பாதி வெடித்துச் சாம்பல் நிறத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. எதிலும் கோடு இல்லை.

அவள் புருஷனுக்கு மொத்த முட்டை வியாபாரம். எச்சம் ஒட்டிய முட்டை ஒன்று கடையில் இருந்தால் அன்றைக்கு அவருக்குத் தூக்கம் வராது. தன் தங்கையின் பிரசவத்துக்குப் போனபோது அவள் அவரிடம், பெட்டிப் பக்கம் நாய் வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள். அவர் நன்றாகவே பார்த்துக்கொண்டிருக்கிறார். திரும்பி வந்தபோது மேல்மணல் பாய் விரித்த மாதிரி சமமாக இருந்தது; கிளறக்கூடாதே என்று அவளும் விட்டுவிட்டாள்.

கூப்பிட்ட குரலுக்கு வந்தவர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார்.

"ஒரே அழுக்கு. பென்சில்ல வேற கிறுக்கியிருந்துச்சு. ஈரத்துணியால துடைச்சு அடுக்கினேன். நீ பாத்தா சந்தோஷப்படுவேன்னுதான் சொல்லாம வெச்சேன்."

ஒட்ட வெட்டிய நகங்கள், வகிடு பிசகாத தலை. கல்யாணமான நாளாய் அந்தச் சுத்தத்தை ஊரே மெச்சியது, அவளும்தான் மெச்சினாள். இப்போது அந்த விரல்களைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. டயப்பரைப் புதைத்தவள்மீதுகூட இவ்வளவு அருவருப்பு வந்ததில்லை. இதைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டுக் குளித்துவிடு, அதிகாரி வருகிற நேரம் என்று கைக்குட்டைக்குள்ளிருந்தே அவர் சொன்னார். அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

"எல்லாத்தையும் துடைச்சீங்களா?"

அவர் யோசித்தார். முட்டை விஷயத்தில் பொய் சொல்லமாட்டார்.

"ஒண்ணு மட்டும் கோணலா, ஒரு பக்கம் வீங்கினாப்புல இருந்துச்சு. தட்டுல நிக்காதுன்னு பாத்தாலே தெரிஞ்சுது. கழிவுதானேன்னு தொடவே இல்ல. மூலையில கெடக்கும்."

அந்த மூலையில் மணலை ஊதி ஊதி விலக்கினாள். அழுக்காக, கோணலாக, வைத்த இடத்திலேயே கிடந்தது அது. உச்சியில் பென்சில் கோடு அப்படியே இருந்தது. பக்கத்தில் மெலிசாக இன்னொரு கோடும் இருந்தது. தான் போட்டது ஒன்றுதானே என்று அவள் குனிந்து பார்த்தாள்.

"அட, எவ்வளவு மண்ணு," என்று தோளில் கிடந்த துண்டோடு அவர் கையை நீட்டினார்.

மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். அவள் விரலிலிருந்த கொழகொழப்பு அவருடைய வெள்ளைச் சட்டைக்கையில் இறங்கியது. அவர் உடம்பெல்லாம் கூசி இழுத்துப் பார்த்தார். அவள் விடவில்லை. வெளியே ஜீப் வந்து நின்றது. இரண்டாவது கோடு கொஞ்சம் நீண்டது.