அரைக் கிண்ணம்

கேரளக் கடற்கரையில், செல்லானத்துக் கொட்டகையில் பெண்கள் தோல் உரித்த செம்மீனை, அதாவது இறாலை, கிண்ணத்தில் அளந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கிண்ணக் கணக்கில்தான் கூலி. அவர்கள் சங்கத்துக் கணக்கர் ஸ்டெல்லா ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கம்ப்யூட்டரில் பதிந்தாள். பக்கத்தில், அந்தக் கணக்குப் புரோகிராமை விற்ற கம்பெனியின் ஆள் ஷெமீர் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நாலரைன்னு போட்டாலும் நாலுன்னுதான் வருது," என்று உரிப்பவர்களில் ஒருத்தியான கொச்சுத்ரேசியா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். "என் அரைக் கிண்ணத்த யாரு தின்னது, ஷெமீரே?"

"நான் இல்ல சேச்சி. செம்மீன் தின்னா எனக்கு உடம்பெல்லாம் தடிச்சிரும்."

அவன் முதலாளி ஜோஷிக்குப் போன் போட்டான். "அது மூடின புரோகிராம், உள்ள யாரும் தொட முடியாதுன்னு சொல்லு. திருத்தணும்னா புது ஆர்டர்," என்று வைத்துவிட்டார்.

எதையும் நோண்டிப் பார்க்காவிட்டால் ஸ்டெல்லாவுக்குத் தூக்கம் வராது. மெனுவின் கடைசியில் யாரும் தொடாத வரியை அமுக்கினாள். எங்கும் தன் கம்பெனிப் பெயரை ஒட்டிய ஜோஷி இந்தப் பக்கத்தை மட்டும் மறந்திருந்தார். புரோகிராமை எழுதி எல்லோருக்கும் ஓசியாக விட்டவர்கள் வேறு யாரோ; அவர்களுடைய நிபந்தனை அப்படியே இருந்தது.

"என்ன விலைக்கும் விக்கலாமாம்," என்று படித்துச் சொன்னாள். "ஆனா வாங்கினவங்களுக்குப் புரோகிராமுக்கு உள்ள எழுதின வரிகளையும், அதான் 'கோடு', கொடுத்தே ஆகணும். அவங்க திருத்தலாம், அடுத்தவங்களுக்கும் கொடுக்கலாம், இதே நிபந்தனையோட."

"ஓசின்னா விக்கவே கூடாதுன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன். அப்ப எங்க முதலாளி பண்றது சரிதானா சேச்சி?"

"விக்கறது சரிதான். கோடு எங்க?"

புரோகிராமை ஏற்றியதும் வாடிக்கையாளர் கம்ப்யூட்டரிலிருந்து கோடு இருக்கும் ஃபோல்டரை அழித்துவிடுவது கம்பெனி வழக்கம். ஏன் என்று ஷெமீர் கேட்டதில்லை. மனைவிக்கு ஏழாம் மாதம்; வேலை போனால் அவ்வளவுதான். ஜன்னலில் ஈரக் கைகளோடு நின்றவர்களைப் பார்த்தான். பையிலிருந்து, கோடு இருந்த பென்டிரைவை எடுத்தான்.

இருவரும் தேடினார்கள். அரையை வெட்டி எறிந்தது ஒரே ஒரு வரி. அதை மாற்றியதும் நாலரை வந்தது.

"அட, இவ்வளவுதானா," என்றான் ஷெமீர். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பக்கத்துக் கொட்டகைக்காரர்கள் தங்களுக்கும் வேண்டுமென்று கேட்டார்கள். ஸ்டெல்லா கோடோடு பிரதி எடுத்துக் கொடுத்தாள். அவர்கள் ஜோஷியிடம் சொல்லிவைத்த ஆர்டரை வேண்டாமென்றுவிட்டார்கள்.

விஷயம் தெரிந்தும் ஜோஷி திட்டவில்லை. ஷெமீரை உட்காரச் சொன்னார்.

"அந்தத் திருத்தத்த எனக்கும் கொடு. எனக்கும் உரிமை இருக்குல்ல?"

"இருக்கு சார்." நல்லவேளை, மனுஷர் புரிந்துகொண்டார் என்று பென்டிரைவை நீட்டினான்.

"சரி. நாளையிலேர்ந்து வரவேண்டாம்."

"சார், நான் தப்பா எதுவும் பண்ணல. அதுலயே எழுதியிருக்கு."

"உனக்குச் சம்பளம் யாரு கொடுக்கறாங்கன்னும் அதுல எழுதியிருக்கா?"

மாதக் கடைசியில் மிச்சச் சம்பளம் வாங்கப் போனான். வாசல் கண்ணாடியில் புது விளம்பரம் ஒட்டியிருந்தது: 'புதிய பதிப்பு. இனி அரைக் கிண்ணமும் கணக்கில் வரும்.' விலை இரண்டு மடங்கு. உள்ளே வாங்க வந்தவர்கள் உட்கார்ந்திருந்ததால், அவனை வெயிலில் நிற்கச் சொன்னார்கள்.