பழைய மனு என்று சொன்னது

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிர் வரிசையில் எங்கள் டைப்பிங் கடை. திங்கட்கிழமை மனு நாள். ஒன்பது மணிக்கே பெஞ்சு நிறைந்துவிட்டது. அன்றைக்குப் பார்த்துப் புதிய தமிழ் சாஃப்ட்வேர் இன்ஸ்டால் ஆகவில்லை. பழையதில் அடித்த மனு போனில் கட்டம் கட்டமாய்த் தெரிகிறது என்று ஜனங்கள் திருப்பிக்கொண்டு வந்ததால்தான் புதியதை பென்டிரைவில் வாங்கி வந்திருந்தேன். முக்கால்வாசி ஓடும், நின்றுவிடும். மூன்று தடவை அப்படியே. பக்கத்துக் கடையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் வளவனைக் கூப்பிட்டேன்.

அந்தக் கம்ப்யூட்டரில் என் வீட்டுக்காரர் சக்கரபாணியின் குரல் இருந்தது. ஜனங்கள் குறையைச் சொல்லச் சொல்ல மைக்கில் பதிவு செய்துகொள்வார். நான் கேட்டுக் கேட்டு அடிப்பேன். "எந்த ஊரு? அழாம சொல்லுங்க, எழுதிக்கலாம்" என்று நடுநடுவே அவர் பேசுவதும் அதில் இருக்கும். அவர் தவறிப்போய் இரண்டு வருஷம். ஆள் இல்லாத மத்தியானங்களில் போட்டுக் கேட்பேன். பெங்களூரிலிருக்கும் மகள் கீர்த்தனா, அப்பா குரல் ஒன்றுகூடத் தன்னிடம் இல்லையே என்று போன தடவை வந்தபோது அழுதாள். கார்த்திகை தீபத்துக்கு வரும்போது கொடுக்கலாம் என்று சொல்லாமல் வைத்திருந்தேன்.

வளவன் பார்த்துவிட்டு, உள்ளே இடம் இல்லை, அதனால்தான் பாதியில் நிற்கிறது என்றான்.

"இதோ இந்த ஃபோல்டர்தாம்மா ரொம்ப ஜாஸ்தியா இருக்கு. கீழ்பென்னாத்தூர் பட்டா, வள்ளி பென்ஷன்னு பேரு போட்டிருக்கு. என்னாது இது?"

பெஞ்சில் பதினோரு பேர். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். போய்விட்ட புருஷன் குரலை உட்கார்ந்து கேட்கிறவள் என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"பழைய மனுங்கதான்" என்றேன்.

அதற்குள் காத்திருந்த தங்கம்மாள், இப்போது அடித்துத் தர முடியுமா முடியாதா என்று சத்தம் போட்டாள். நான் திரும்பி அவளைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். வளவன் மறுபடி ஓட்டினான். மறுபடியும் நின்றது.

"இவ்ளோ இடம் கெடக்கு, அப்பவும் ஏறல" என்று முணுமுணுத்தவன் திரையின் மூலையைப் பார்த்தான். "இன்னாம்மா இது, ரெண்டாயிரத்துப் பதினாறுன்னு காட்டுது?"

பழைய சாஃப்ட்வேர் முப்பது நாளைக்குத்தான் இலவசம். அந்த முப்பது நாள் தீர்ந்துபோகாமலிருக்க, தினமும் கடை திறந்ததும் தேதியை 2016 ஜனவரிக்குத் தள்ளிவிடுவார் அவர். அவருக்குப் பிறகு நானும் தள்ளினேன். வளவன் வந்து உட்கார்ந்ததுமே இதைச் சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷம் வாங்காமலே ஓட்டியது தெரிந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"தேதி தப்பா இருந்தா இது ஏறவே ஏறாதும்மா. இடத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. மொதல்லயே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

தேதியைச் சரிசெய்தான். நாலே நிமிஷத்தில் ஏறிவிட்டது. பெஞ்சில் ஒருவர் கைகூடத் தட்டினார். நான் ஃபோல்டரைத் தேடினேன். இல்லை.

"அதத்தான் அழிச்சிட்டேனே. பழைய மனுன்னீங்களே."

கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டிக்குள்ளும் போகாதபடி ஒரேயடியாக அழித்திருந்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, அழிந்ததை மீட்கும் ஏதோ ஒன்றை ஓட்டினான். பெயர்கள் வரிசையாகத் திரும்பி வந்தன. ஒவ்வொன்றாய் அழுத்தினான். ஒன்றிலும் சத்தம் இல்லை. அந்த இடத்தில்தான் புதிய சாஃப்ட்வேர் போய் உட்கார்ந்திருக்கிறது என்றான்.

"உள்ள என்னம்மா இருந்துச்சு?"

சொன்னேன். பெஞ்சில் எல்லோருக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. தங்கம்மாள் எழுந்து வந்து என் நாற்காலி ஓரமாக நின்றாள்.

வளவன் மவுஸிலிருந்து கையை எடுத்தான். "பென்டிரைவ்ல போட்டுட்டு அழிச்சிருப்பேனேம்மா. அஞ்சு நிமிஷ வேலை."

பதினோரு மனுவும் அடித்தேன். போனில் ஒரு கட்டம்கூட வரவில்லை என்றார்கள்.

மத்தியானம் கீர்த்தனா கூப்பிட்டாள். "அந்த சாஃப்ட்வேர் ஏறிச்சாம்மா?"

"ஏறிடுச்சு."

"குரல் ஒரு மாதிரி இருக்கு. வேற எதனா ஆச்சா?"

"ஒண்ணும் இல்ல. தீபத்துக்கு எந்த பஸ்ல வர்ற?" என்று கேட்டேன்.